மாதத்தில் ஒரு ஞாயிறு காட்டோரம்: வன்னியின் ஆலய பரிபாலன சபையினருக்கும் அறநெறி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலய பரிபாலன சபையினருக்கும் அறநெறிப் பாடசாலை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதிப் பாடசாலைகளில் விஞ்ஞானமும், ஆசிரியர் இல்லாத காலங்களில் சைவசமயமும் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். உங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இதனை எழுதுகின்றேன். மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறநெறி வகுப்பை மண்டபத்துக்குள் நடத்தாமல், பிள்ளைகளைக் குளக்கட்டிலோ காட்டோரப் பாதையிலோ ஒரு மணிநேரம் பேசாமல் நடக்க அழைத்துச் செல்லுங்கள். அந்த நடையைச் சுற்றுலாவாக எண்ணாமல், பூசைக்கு நிற்பதுபோன்ற ஒரு வழிபாடாகவே எண்ணி நடத்துங்கள்.

இந்த எண்ணம் எனக்குள் நெடுநாளாக இருந்தபோதிலும், எழுதத் தூண்டியது சென்ற வைகாசியில் நடந்த ஒரு சிறிய சம்பவமாகும். அயற்கிராமம் ஒன்றின் அறநெறிப் பாடசாலையில் பரிசளிப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். நிகழ்வு தொடங்குமுன் கிடைத்த அரைமணி நேரத்தில், ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளிடம், கோயிலுக்குப் பின்னாலுள்ள காட்டுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டேன். முதலில் வந்த பதில் ‘மிதிவெடி’. அடுத்தது ‘ஆனை’. அதன்பின் ‘பாம்பு’, ‘பேய்’. ஒரு சிறுவன் மட்டும் சற்று யோசித்து ‘விறகு’ என்றான். ஒரு மரத்தின் பெயரையோ ஒரு குருவியின் பெயரையோ எவரும் சொல்லவில்லை. சில நிமிடங்களின் பின் அதே பிள்ளைகள் எழுந்து நின்று, புல்லும் பூண்டும் புழுவும் மரமும் பறவையும் பாம்புமாகப் பிறந்து பிறந்து இளைத்த உயிரின் கதையைச் சிவபுராணத்தில் ஒரு சொல்லும் பிசகாமல் ஓதினார்கள். அவர்களுடைய உச்சரிப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆயினும், தாங்கள் ஓதுகின்ற அந்த உயிர்கள் மதிலுக்கு அப்பால் முப்பது பாகத் தூரத்தில் நிற்கின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிள்ளைகளை நான் குறைகூறவில்லை, உங்களையும் குறைகூறவில்லை. காட்டைப் பற்றி நாமே அவர்களுக்கு அச்சத்தைத்தான் சொல்லிக் கொடுத்தோம், அதற்குத் தக்க காரணமும் இருந்தது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு, முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய ஒவ்வொரு தாயும் பிள்ளைக்கு முதலில் சொன்னது பாதையை விட்டு இறங்காதே என்பதுதான். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளும், கண்ணிவெடி அகற்றுவோர் நட்டுச் சென்ற சிவப்புத் தடிகளும் வெள்ளைத் தடிகளும்தான் அந்த ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகள் படித்த அரிச்சுவடி. சிவப்புக்கு அப்பால் போகக்கூடாது, வெள்ளைக்குள் போகலாம் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூட அறிந்திருந்தது. இலங்கை 2017ஆம் ஆண்டு டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்து, 2028ஆம் ஆண்டு யூன் மாதத்துக்குள் நாட்டின் நிலம் முழுவதையும் துப்புரவாக்குவதாக ஏற்றுக்கொண்டுள்ளது. அந்தப் பணியில் வெயிலில் முழந்தாளிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறுகின்றவர்களில் நம்மூர்ப் பெண்கள் பலர் இருக்கின்றார்கள். அவர்களை நான் கோயிலில் காணும்போதெல்லாம் என் மனம் கைகூப்பும். ஆகவே அச்சத்தை எளிதாக உதறுங்கள் என்று எழுத எனக்கு மனம் வராது. அச்சம் ஒன்றையே காட்டின் முழுப் பொருளாக அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போவது சரியா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் முன்னோருக்கும் காட்டைப் பற்றிய அச்சம் இருந்தது, ஆனால் அந்த அச்சம் வணக்கத்தோடு கலந்திருந்தது. என் தந்தையார் சித்திரை, வைகாசி மாதங்களில் தேன் எடுக்கப் போவார். காட்டு வாசலில் நிற்கும் பெரிய வீரை மரத்தடியில் ஒரு கல்லும் ஒரு சூலமும் இருந்தன. அது ஐயனாருடைய இடம். அதைக் கடந்து உள்ளே போகும் எவரும் ஒரு பச்சைக் கொப்பை முறித்து அந்த மரத்தில் செருகிவிட்டே போவார்கள். காட்டுக்குள் சென்றபின் யானையை ‘ஆனை’ என்று சொல்லமாட்டார், ‘பெரியவர்’ என்பார். தேன்வதையை வெட்டும்போது முழுவதையும் வெட்டாமல், ஒரு பங்கைப் பூச்சிகளுக்கென விட்டுவிடுவார். முதல் தேனை மரத்தடி வைரவருக்கு வைப்பார். ‘நாங்கள் அவையின்ரை வீட்டுக்கை போறம், பிள்ளை’ என்று அவர் என்னிடம் ஒருமுறை சொன்னது இன்னும் காதில் இருக்கின்றது.

அந்தப் பழைய உறவை நான் பொன்முலாம் பூசிக் காட்ட விரும்பவில்லை. யானையைப் பிடித்து யாழ்ப்பாண அரசருக்கும், பின்னர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாகக் கொடுத்த நிலம் இது. என் தந்தையார் மரையும் மானும் உண்டவர். ஆனால் உண்பதற்கு முன்னும் வெட்டுவதற்கு முன்னும் அனுமதி கேட்கும் ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. நம்முடைய ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: கரடிப்போக்கு, ஆனைவிழுந்தான், பன்றிக்கெய்தகுளம், கொக்குத்தொடுவாய், பாலமோட்டை, மருதோடை. வேட்டையும் வியப்பும் விபத்தும் நிழலும் கலந்த அந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும் மனிதர் அல்லாத ஒருவர் குடியிருக்கின்றார். அந்தப் பெயர்கள் எழுதிய பேருந்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் பிள்ளைக்கு மருதமரத்தைக் காட்டத் தெரியாதென்றால், தன் ஊரின் பெயருக்கே அது அந்நியமாகிவிட்டது என்றுதான் எனக்குப் படுகின்றது.

இனி, என்னைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். ஏனெனில் இந்த வேண்டுகோள் நான் படித்தறிந்த ஒன்றிலிருந்து பிறக்கவில்லை.

2010ஆம் ஆண்டில் ஊர் திரும்பியபோது என்னால் கோயிலுக்குப் போக முடியவில்லை. கால் போகும், வாசலில் நிற்கும், கை கூப்பும். வாயில் ஒரு சொல்லும் வராது. நான் யாரை இழந்தேன் என்பதை இங்கு எழுதப்போவதில்லை, இதை வாசிக்கின்ற வீடுகளில் அது எழுதாமலே விளங்கும். பாலர் வகுப்பிலிருந்து நான் ஓதிய தேவாரங்கள் எல்லாம் நினைவில் இருந்தன, ஆனால் அவற்றை யாரிடம் சொல்வது என்பது தெரியாமற் போயிருந்தது. அந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள், பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்த அக்கா ஒருவர் வந்து, ‘பாலைப்பழம் விழுந்து கிடக்குதாம். வெள்ளைத் தடி நட்ட பாதையாலை போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவம், எழும்பு’ என்றார். எனக்கு விருப்பமில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்ததால் போனேன்.

வீரையடி ஐயனாரின் இடத்தைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால் ஒரு பெரிய பாலை மரம் உண்டு. இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன் கொண்டது. பாலை மிக மெதுவாக வளரும் மரம், அதன் வைரம் நீரில் போட்டால் அமிழ்ந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு மரத்தின் வயதை நான் எண்ணத் துணியமாட்டேன். அதன் கிழக்குப் பக்கம் முழுவதும் ஷெல் துண்டுகள் ஏறியிருந்தன. சில துண்டுகள் வெளியே தெரிந்தன. சிலவற்றைச் சுற்றிப் பட்டை தடித்து, உதடு மூடுவதுபோல மூடத் தொடங்கியிருந்தது. காயங்களிலிருந்து வடிந்த பால் கறுத்து உறைந்திருந்தது. அந்தக் காயங்களுக்கு மேலே, பழத்துக்காக ஏறிய கரடியின் நகக் கீறல்கள் நான்கு நான்காகப் புதிதாகத் தெரிந்தன. அதற்கும் மேலே, கொப்பெல்லாம் மஞ்சள் பழம். பச்சைப்புறாக்கள் இருந்து தின்றுகொண்டிருந்தன. கீழே நிலம் முழுவதும் பழம் விழுந்து, எறும்பு மொய்த்து, இனிப்பும் புளிப்புமாக ஒரு மணம் எழுந்துகொண்டிருந்தது.

நான் மரத்தில் கையை வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. இரும்பைத் தன்னுள் வைத்துக்கொண்டே அந்த ஆண்டும் அது காய்த்திருக்கின்றது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. கண்ணீர் வந்தது. அதற்குப்பின், ஒரு வருடமாக வாயில் வராத சொல் வந்தது. ‘அம்மா’ என்றுதான் சொன்னேன். அந்தச் சொல்லை மரத்திடம் சொன்னேனா, அம்பாளிடம் சொன்னேனா, செத்துப்போன என் தாயிடம் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை, பிரித்தறிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பழத்தைப் பொறுக்கிக்கொண்டு அருகில் இருந்தார். அன்று நாங்கள் உண்ட பழத்தின் பால் உதடுகளை ஒட்டவைத்துவிட்டது. திரும்பி வரும் வழியில் நானாகவே ஒரு கொப்பை முறித்து ஐயனாருக்குச் செருகினேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது தேவாரம் வந்தது.

அன்றிலிருந்து கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் நடக்கின்றேன். நடக்க நடக்க, விஞ்ஞான ஆசிரியையாக நான் கரும்பலகையில் எழுதியவையும் சமய ஆசிரியையாக நான் ஓதுவித்தவையும் ஒன்றையொன்று சந்தித்தன. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். புற்றை நாம் நாகதம்பிரானின் இடமாக வணங்குகின்றோம். பாலும் முட்டையும் வைக்கின்றோம். அந்தப் புற்றைக் கட்டியவை கறையான்கள். அவை உக்கிய மரத்தை மென்று உள்ளே கொண்டுசென்று, கடற்பஞ்சு போன்ற அறைகளாக அடுக்கி, அதில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து உண்கின்றன. மனிதன் கமம் செய்யத் தொடங்குவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கமம் செய்தவை அவை. மாரி தொடங்கியதும் அதே பூஞ்சணம் புற்றின்மேல் வெண்ணிறக் காளானாக எழும்புகின்றது, நாம் கறிவைத்து உண்கின்றோம். கரடி வந்து புற்றைக் கிளறி, மேல்வாயின் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாத இடைவெளியால் கறையானை உறிஞ்சுகின்றது. கைவிட்ட புற்றில் பாம்பும் உடும்பும் குடியேறுகின்றன. இத்தனை உயிர்கள் ஓர் இடத்தில் சந்திப்பதனால்தான் அந்த இடத்தை நம் முன்னோர் கைகூப்பத் தெரிவுசெய்தார்களோ என்று நான் எண்ணுவதுண்டு. அப்படி எண்ணிய பின்னர் புற்றின் முன் நிற்கும்போது என் வணக்கம் முன்னிருந்ததைவிட ஆழமாகத்தான் போனதேயன்றிச் சிறிதும் குறையவில்லை.

இருவாச்சிப் பறவையைப் பாருங்கள். பெரிய மஞ்சள் அலகுக்கு மேலே இன்னொரு அலகு கவிழ்த்ததுபோல் இருக்கும். பறக்கும்போது இறகுச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். பெண்பறவை ஒரு முதுமரத்தின் பொந்துக்குள் சென்று, வாசலைத் தானே அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றை மட்டும் விட்டுக்கொள்கின்றது. இரண்டு மாதங்களுக்கு மேலாக ஆண்பறவை அத்திப்பழமும் ஆலம்பழமும் கொண்டுவந்து அந்தக் கீற்றின் வழியே ஊட்டுகின்றது. ஆண்பறவை வராவிட்டால் உள்ளே இருப்பவை பட்டினி. நான் ஒருமுறை தண்ணிமுறிப்புப் பக்கத்தில் ஒரு பொந்துக்கு எதிரே, சற்றுத் தள்ளி, ஒரு மணிநேரம் அமர்ந்திருந்தேன். நான்கு முறை அது வந்து போனது. நம்பி அடைபட்டிருத்தல் என்பதையும், மறவாமல் திரும்பி வருதல் என்பதையும் பற்றி அந்த ஒரு மணிநேரத்தில் நான் அறிந்ததை எந்தப் பிரசங்கத்திலும் அறியவில்லை. பழைய மரங்களைத் தறித்துவிட்டு இளமரங்களை மட்டும் விட்டுவைத்தால் இந்தப் பறவைக்குப் பொந்து இல்லை என்பதையும் அங்கேதான் நெஞ்சால் உணர்ந்தேன்.

காட்டுக்குள் ஆழமாகப் போகவேண்டும் என்பதும் இல்லை. குளக்கட்டில் நடந்தாலே போதும். காலடி கேட்டதும் ஆட்காட்டி எழும்பிக் கத்தும். அது நம்மைத் திட்டுகின்றதென்று பிள்ளைகள் சிரிப்பார்கள். வெறும் தரையில் கல்லைப்போல் கிடக்கும் அதன் முட்டைகளை ஒரு பிள்ளை கண்டுவிட்டால், அந்தக் கத்தலின் பொருள் ஒரு தாயின் குரலாக மாறிவிடும். ஐப்பசியில் வாடைக் காற்றோடு வந்து சேரும் ஆறுமணிக்குருவி, விடியும்போதும் பொழுதுபடும்போதும் இரண்டு சொல்லாகக் கூப்பிடும். இந்தியாவின் வடக்கே, இமயத்தின் அடிவாரக் காடுகள் வரை பரந்த நிலத்தில் குஞ்சு பொரித்து, மாரி முழுவதும் நம்மோடு இருந்து, பங்குனி சித்திரையில் திரும்பிச் செல்கின்றது. நம் கோயில் மணி அடிக்கும் அதே இரண்டு பொழுதுகளில் அது கூப்பிடுவதைக் கேட்டுத்தான் நம்மவர் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். முதல் மழைக்குப் பின் வெளியே வரும் தம்பலப்பூச்சியைப் பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு கணம் ஊரவிட்டுப் பின் மண்ணில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அந்தச் சிவப்புப் பட்டின் எடையற்ற எடை அதற்கு வாழ்நாள் முழுவதும் நினைவிருக்கும்.

இதற்கு வயற்காரர் சொல்லும் மறுமொழியை நான் அறிவேன். நானும் வயல் உள்ளவள்தான். ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போன வரம்பில் நின்று அழுதிருக்கின்றேன். யானை தள்ளிய தென்னைகளை எண்ணியிருக்கின்றேன். காவற் கொட்டிலில் யானைவெடியோடு விழித்திருக்கும் ஒருவரிடம் போய், எல்லா உயிரும் நம் உறவு என்று சொன்னால் அவர் என்னைக் கோபிப்பது நியாயம். ஆயினும் உறவு என்பது எப்போதும் இனிமையானது என்று நம் வீடுகளிலேயே நாம் கண்டதில்லை. எல்லைக்காக வழக்காடும் சகோதரனும் சகோதரன்தான். என் தந்தையார் பன்றிக்கு எதிராக வேலி அடைத்தார், காவல் இருந்தார், வேட்டையும் ஆடினார். ஆனால் உணவுக்குள் வெடியை மறைத்து வைத்து, கடித்த வாய் சிதறி நாட்கணக்காகப் பட்டினி கிடந்து சாகவிடும் இன்றைய கொடுமையை அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். அந்த வெடி பன்றிக்கு வைக்கப்படுகின்றது. யானைக்கன்றும் மாடும் கடிக்கின்றன. அதை வைக்கும் கையும் ஒருகாலத்தில் சிவபுராணம் ஓதக் குவிந்த கைதான். பயிரைக் காக்கும் வேலியும் காவலும் இருக்கட்டும். எதிரே நிற்பதும் வலி உணரும் ஓர் உயிர் என்ற நினைவு காப்பவனுக்கு வேண்டும், அந்த நினைவு பன்னிரண்டு வயதுக்குமுன் உள்ளத்தில் விழுந்துவிட வேண்டும் என்றே நான் வேண்டுகின்றேன்.

பரிபாலன சபையினரிடம் ஒரு வருத்தத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நான் சிறுவயதில் வழிபட்ட ஒரு மரத்தடிக் கோயிலில், ஊர் திரும்பியபின் சேர்ந்த பணத்தைக் கொண்டு கொங்கிறீற்று மண்டபம் எழுப்பினார்கள். அதற்கு இடைஞ்சல் என்று சொல்லி, எந்த மரத்தடியில் தெய்வம் இருந்ததோ அந்த மரத்தையே தறித்தார்கள். கும்பாபிஷேகத்தன்று நானும் நின்றேன். புதிய தூண்களின் நடுவே வெயில் கண்ணைக் கூசச்செய்தது. கூடு கலைந்த கொக்குகள் மூன்று நாட்களாக அந்த இடத்தின்மேல் வட்டமிட்டன. அந்தச் சபையினர் கெட்டவர்கள் அல்லர். இழந்ததற்கு ஈடாக உறுதியான ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்ற ஏக்கத்தில் செய்தார்கள். ஆனால் நம் தலங்களில் மூர்த்திக்கும் தீர்த்தத்துக்கும் இணையாகத் தலவிருட்சமும் வைத்து எண்ணப்படுகின்றது. திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தத்தோடு வன்னிமரமும் சேர்த்தே போற்றப்படுகின்றது. மரத்தடித் தெய்வங்களுக்கு மரமே கருவறை. கட்ட வேண்டியிருந்தால் மரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். ஒலிபெருக்கியை விடியற்காலையில் ஒரு மணிநேரம் பொறுத்துப் போடுங்கள். அந்த ஒரு மணிநேரம் காட்டுக்கோழியும் மாங்குயிலும் பாடுகின்ற நேரம்.

நடந்து வழிபடுதல் நமக்குப் புதியதும் அன்று. யப்பானில் 1982ஆம் ஆண்டளவில் அரசே முன்னின்று, மக்கள் காட்டுக்குள் மெதுவாக நடந்து காட்டில் தோய்ந்து வருமாறு ஒரு வழக்கத்தைப் பெயரிட்டுத் தொடக்கியது. அது இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. நம்மிடம் அதற்கு வெகுகாலம் முன்னதாகவே கதிர்காமப் பாதயாத்திரை இருந்தது. செல்வச்சந்நிதியில் வேல் எடுத்துப் புறப்படும் அடியார்கள் வற்றாப்பளை அம்மனிடம் தங்கி, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை வழியாகக் குமணக் காட்டையும் யாலக் காட்டையும் கால்நடையாகக் கடக்கின்றார்கள். ஒன்றரை மாதம் அளவிலான நடை அது. நான் ஒரு முறை உகந்தையிலிருந்து கூடச் சென்றேன். எங்கள் குழுவில் இருந்த முதியவர் ஒருவர், ஒருவரையொருவர் ‘சாமி’ என்று அழைப்பதைப்போலவே, வழியில் நின்ற யானையையும் ‘சாமி, வழிவிடு’ என்றுதான் கேட்டார். நாங்கள் அசையாமல் காத்திருந்தோம். அது தன் நேரத்தில் விலகிச் சென்றது. வற்றாப்பளைப் பொங்கலில் கடல்நீரில் விளக்கு எரிகின்றது என்று நம்பும் நாம், கடலும் காடும் வழிபாட்டில் பங்குகொள்ளும் என்பதை வேறொருவரிடம் போய்க் கற்கவேண்டியதில்லை. மடு மாதாவிடம் செல்லும் நம் கத்தோலிக்க உறவுகளும் காட்டு மரங்களின் கீழ்க் கூடாரமடித்துத் தங்கியே வழிபட்டு வந்திருக்கின்றார்கள். அவர்களுடைய மறைக்கல்வி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளோடு இந்த நடையில் சேர விரும்பினால், அதைவிட எனக்கு மகிழ்ச்சி வேறில்லை.

எப்படி நடத்தலாம் என்பதில் என் அனுபவத்தைச் சொல்கின்றேன். பாதுகாப்பே முதலாவது. துப்புரவாக்கப்பட்டதென்று உறுதியாகத் தெரிந்த, ஊரவர் நாள்தோறும் பயன்படுத்துகின்ற பாதையையும் குளக்கட்டையும் மட்டுமே தெரிவுசெய்யுங்கள். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திடமும் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்து, ஒதுக்குக் காடாக இருந்தால் உரிய அனுமதியையும் பெறுங்கள். பாதையை விட்டு எவரும் இறங்கக்கூடாது. இரும்பாக எதைக் கண்டாலும் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லவேண்டும். இதை ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் பிள்ளைகள் வாயாலேயே சொல்லவையுங்கள். முதல்நாள் மாலை யானை எந்தப் பக்கம் நின்றதென்று வயற்காவலரிடம் விசாரியுங்கள். ஐயம் இருந்தால் அன்று நடை வேண்டாம், குளக்கட்டில் அமர்ந்திருங்கள். பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாகப் பெரியவர்கள் இருவர் வேண்டும்.

காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். கோயில் வாசலில் ஒரு தேவாரம் பாடி, அதன்பின் பேச்சை நிறுத்துங்கள். முதல் நடையில் பிள்ளைகள் ஐந்து நிமிடங்கூடப் பேசாமல் இருக்கமாட்டார்கள். கோபிக்க வேண்டாம், மூன்றாவது நடையில் தாமாகவே அடங்குவார்கள். கைபேசியை ஆசிரியரும் எடுக்காமல் இருப்பது நல்லது, படம் எடுக்கத் தொடங்கிய கணத்தில் பார்ப்பது நின்றுவிடுகின்றது. பெயர்களைப் பாடமாக்க வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நானே அந்தப் பிழையைச் செய்தவள். தொடக்கத்தில் என் பேரப்பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மரத்தையும் காட்டிப் பெயர் கேட்டுப் பரீட்சை வைத்தேன், அவர்கள் மரத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள். அதன்பின் அவர்களாகக் கேட்டால் மட்டும் சொன்னேன், கேட்கத் தொடங்கினார்கள். நடுவழியில் ஓரிடத்தில் பத்து நிமிடம் அமரச் செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் உயிரைத் தெரிவுசெய்து, எறும்பானாலும் புல்லானாலும், அந்தப் பத்து நிமிடமும் அதனோடேயே இருக்கட்டும். திரும்பி வந்தபின் விரும்புகின்ற பிள்ளை மட்டும் தான் கண்டதைச் சொல்லட்டும். புள்ளி வேண்டாம், பரிசு வேண்டாம்.

ஊரில் தேன் எடுத்தவர்கள், மாட்டுப்பட்டி வைத்திருந்தவர்கள், மருந்து மூலிகை பிடுங்கியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கின்றார்கள். அவர்களில் ஒருவரை ஒவ்வொரு நடைக்கும் அழையுங்கள். சபையின் மேசையில் அவர்களுக்குக் கதிரை இருந்திருக்காது, பாதையில் அவர்களே முன்னே நடக்கட்டும். பாலைப்பாணி காய்ச்சத் தெரிந்த கடைசிக் கைகள் சிலருடையவை, முசுறு தைத்த கூட்டைக் காட்டி, குடம்பிகளின் நூலால் இலையை இலையோடு அது தைக்கும் விதத்தைச் சொல்லக்கூடிய கண்கள் சிலருடையவை. இவர்கள் போனபின் நாம் எத்தனை மண்டபம் கட்டியும் அந்த அறிவை அழைத்துவர முடியாது.

இந்த மடலைப் படித்தபின் ஒரேயொரு கிராமம் இதைச் செய்துபார்க்க முன்வந்தாலும் எனக்குப் போதும். எங்கள் ஊரில், பரிபாலன சபையின் தலைவர் ஆறு மாதங்களுக்குப் பரீட்சார்த்தமாகச் செய்துபார்க்க உடன்பட்டிருக்கின்றார். ஐப்பசி முதல் ஞாயிறு, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், காலை ஐந்தே முக்காலுக்குக் குளத்தின் துருசடியில், நீர் திறந்துவிடும் மதகின் அருகில், கூடுகின்றோம். வீரையடி வரையே போவோம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் செருகுவதற்கு ஒரு கொப்பை வழியில் விழுந்து கிடப்பவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கின்றேன். அயற்கிராமத்து ஆசிரியர்கள் எவரேனும் வந்து எங்களோடு நடந்து பார்க்க விரும்பினால், முன்னறிவித்தல் தேவையில்லை. அங்கே வந்து நில்லுங்கள். ‘விறகு’ என்று சொன்ன அந்தச் சிறுவனின் தாயிடமும் கேட்டிருக்கின்றேன், அனுப்புவதாகச் சொல்லியிருக்கின்றார்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
முத்தையன்கட்டு.